கை வரையாத மாதா

டீச்சர்,

இன்று எங்கள் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள். உள்ளறையைக் காலி செய்யும்போது பெயின்டர், "அக்கா, இந்தப் படத்த எங்கிட்டு வைக்கட்டும்?" என்று கேட்டார். உங்கள் படம்தான். வாங்கிக் கட்டிலில் சாய்த்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து பாத்திரமும் பெட்டியும் நகர்த்தியதில் இடுப்பு விட்டுப்போயிற்று. பெயின்ட் வாடையில் தலை வேறு வலிக்கிறது. எழுந்திருக்க மனமில்லை.

துபாயில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை பார்த்த உங்கள் மகன், ஒரு லீவுக்கு வந்தபோது உங்களுக்கென்று இதைக் கொண்டுவந்தான். மறுநாளே பஸ்ஸில் மடியில் வைத்து ஆலங்குடிக்கு எடுத்துவந்து, நம் பள்ளியில் என்னிடம் காட்டினீர்கள். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தியிருக்கும் மாதா. இத்தாலியில் ஏதோ ஒரு கோயிலின் பீடத்தில் வைக்கப்போகும் பெரிய ஓவியத்துக்காக, ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஒருவர் முதலில் கோடுகளாகப் போட்டுப் பார்த்ததாம். அதன் அச்சுப் பிரதி. மாதாவின் முகமும் முக்காட்டின் மடிப்புகளும் முழுதாக இருந்தன. மகனின் உடம்பு சில கோடுகளோடு நின்றுவிட்டது. மாதாவின் கைகளை அவர் வரையவே இல்லை.

"கலரும் இல்ல, கையும் இல்ல. எவரோ பாதியில விட்டத இவன் அம்புட்டுத் தூரத்துலேருந்து சுமந்துட்டு வந்திருக்கான் பாருங்க டீச்சர்," என்று சிரித்தீர்கள். "கேட்டா, 'பெரிய படத்துல கை இருக்கும்மா, இது அதுக்கு முன்னாடி போட்டது'ங்கிறான்."

சிரித்தாலும், அன்று ஆசிரியர் அறைக்கு வந்த ஒருவரைக்கூட நீங்கள் விடவில்லை. எல்லோரிடமும் காட்டினீர்கள்.

அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள். உடல் ஊர் வந்து சேர வாரக்கணக்கில் ஆயிற்று. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். உங்கள் கொழுந்தன்மாரும் அதையே சொன்னார்கள். யாரிடமும் வாதாட உங்களுக்குத் தெம்பில்லை. மூடிய பலகைமேல் கன்னத்தை வைத்துக் கிடந்தீர்கள். அப்படியே கல்லறைக்குத் தூக்கிப் போனார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பழைய சேலையில் சுற்றிய படத்தோடு என் வாசலில் வந்து நின்றீர்கள்.

"இது எங்க வீட்டுல இருக்க வேணாம் டீச்சர். தூக்கிப் போடவும் மனசு வரல. நீங்க வச்சுக்கங்க."

என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "எழவு வீட்டுலேருந்து வந்தது. மாட்டாத," என்றார். நான் உள்ளறையில், அரிசி டிரம்முக்கு மேலே மாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமையே நீங்கள் வந்தீர்கள். காப்பிகூடக் குடிக்காமல் நேரே உள்ளறைக்குப் போய்ப் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தீர்கள். பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான். உங்கள் வீட்டில் இருக்கக் கூடாத படத்தை நீங்கள் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். மகள் இருக்கிறாள், அவளுக்காக மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றேன். கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"போதும் டீச்சர். ஆறுதல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து எழுந்துபோய், மாதாவின் கைகள் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடிமேல் விரலை வைத்தீர்கள்.

"இவளுக்கும் தொடக் குடுத்து வைக்கல," என்றீர்கள்.

அதற்குப் பிறகு நான் உங்களுக்கு எந்த ஆறுதலும் சொன்னதில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் தரை சில்லென்று இருந்தது. படத்தை மாட்டாதே என்ற மனிதர்தான் அன்றைக்கு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். "இதுல உக்காருங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நாற்காலி அப்புறம் அங்கேயே இருந்தது.

கடைசியில் உங்களுக்கு ஈரல் கெட்டுப்போய்ப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, படத்தை எடுத்துவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள். மூச்சு வாங்கியது, விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது.

"எங்கூட வச்சு மூடிறாதீங்க. ஒரு பெட்டிய மூடுனது போதும். அவ வெளியிலயே இருக்கட்டும்."

அடக்கத்தன்று உங்கள் மகள் அழுதுகொண்டே அந்தப் படத்தைக் கேட்டாள், அம்மாவின் நெஞ்சில் வைக்க. நீங்கள் சொன்னதை அவளிடம் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப ஒங்ககிட்டயே இருக்கட்டும் ஆன்ட்டி. நானும் வந்து பாத்துக்கிறேன்," என்றாள். லீவு கிடைக்கும்போது வருகிறாள்.

எனக்கும் முன்போல் முடியவில்லை டீச்சர். ரிட்டயர் ஆனால் ஓய்வு என்றார்கள். ஓய்வு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. துக்க வீடுகளுக்குப் போய்வரத்தான் இப்போது பொழுது சரியாக இருக்கிறது. போன மாதம் எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பையன் பைக் விபத்தில் போய்விட்டான். அவன் அம்மாவைச் சுற்றிலும் பெண்கள், ஆளுக்கோர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் கூட்டம் கலைந்தது. அவள் அழுது ஓய்ந்து, என் தோளில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். தோள் மரத்துப்போயிற்று. அவளாக விழிக்கும்வரை நான் அசையவில்லை.