நான் வெட்டி அனுப்பிய உன் குரல்

இன்று காலை கடையைத் திறந்ததிலிருந்தே பிளெக்ஸ் மை வாடை தூக்கலாக இருந்தது. தேர்தல் நேரம். பாகூர் கடைத்தெருவில் எல்லாக் கட்சிக்காரர்களும் அவசரமாகத்தான் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். தலைவரோடு நான்கு பேர் நிற்கிற படம். மூன்றாவது ஆளைக் காட்டி, "இவுரு இப்ப நம்மகூட இல்லபா, எடுத்துடு" என்றார். கணினியில் அந்த மனிதரைச் சுற்றிக் கோடு இழுத்து நீக்கினேன். ஒரு நிமிட வேலை. ஆனால் அவருடைய விரல்கள் மட்டும் பக்கத்து ஆளின் தோள்மேல் தங்கிவிட்டன. எழுந்து வெளியே வந்து நின்றேன். நீதான் ஞாபகத்துக்கு வந்தாய்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது காகிதத்தில் எழுதுகிறேன். கோழைத்தனம்தான். என்றாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாம் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு சுயேச்சை வேட்பாளருக்கு வேலை செய்தோமே, நினைவிருக்கிறதா? நீ வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவாய். நான் சுவரில் எழுதுவேன், நீ அவருக்குப் பேச்சு எழுதிக்கொடுப்பாய். கிருமாம்பாக்கம் கூட்டத்தில் மேடையேறியதும் அவருக்கு எல்லாம் மறந்துபோனது. நீ பின்னால் குனிந்து நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் அதைத் திருப்பிச் சொன்னார். கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி வரும்போது நீ மட்டும் சிரிக்கவில்லை. "பேச வரலன்னா தப்பில்லடா. வரலன்னு ஒத்துக்கணும், அது போதும்" என்றாய். தலைவர் என்றால் யார் என்று நீ அளந்த அளவு அப்போதிருந்தே அதுதான்.

பிரெஞ்சு படித்த நீ மாண்ட்ரியலுக்குப் போனாய். குடியேறி வந்தவர்களுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் ஒரு கட்சியில் சேர்ந்தாய். அந்த ஊர்த் தேர்தலைப் பற்றி நீ சொல்லச் சொல்ல எனக்கு வியப்பாக இருக்கும். கட்அவுட் கிடையாது, சுவரெழுத்து கிடையாது, வீட்டு வாசல் புல்லில் இரண்டு கம்பியில் நிற்கும் சின்ன அட்டை மட்டும்தான். "உன் கடை இங்க ஒரு நாள் ஓடாதுடா" என்று சிரிப்பாய். பனியை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டி, திறந்தவர்களிடம் பேசிவிட்டு வருவாயாம். உன் பேச்சில் அலுப்பே இருக்காது.

பிறகு நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. உங்கள் கட்சித் தலைவர் ஆங்கிலம் பேசுகிற பகுதியிலிருந்து வந்தவர், அவருக்குப் பிரெஞ்சு சரியாக வராது, பிரெஞ்சில் நடக்கும் தலைவர்கள் விவாதத்துக்கு அவரைத் தயார் செய்ய வேண்டும் என்றார்கள். அந்தச் சிறிய குழுவில் உன்னையும் சேர்த்தார்கள். தலைவர் உட்கார்ந்திருக்க, பின்னால் நீ கோப்போடு நிற்கிற படத்தை எனக்கு அனுப்பினாய். நான் அதை நம் வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வில்லியனூரில் மனை விற்கிறானே நம் ரவி, அவன் கிண்டலாக எழுதினான்: அங்கே நாற்காலி தூக்கிப் போடுகிற வேலையாக இருக்கும், படத்துக்கு நின்றிருப்பான் என்று. பத்துப் பேர் சிரித்தார்கள். உனக்காகத்தான் கோபப்பட்டேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அது எனக்காக வந்த கோபம். உன் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைத்திருந்தேன். அதை அவன் தட்டிவிட்டான்.

விவாதம் முடிந்தபோது உனக்கு இரவு, எனக்குக் காலை. கடையில் தனியாக இருந்தபோது உன் குரல்பதிவு வந்தது. "டேய் வேலு" என்று தொடங்கி, என் அம்மாவின் முட்டி ஆபரேஷன் எப்படி ஆனது என்று முதலில் கேட்டாய். பிறகு ஒரு பெருமூச்சு.

"தலைவருக்கு வரலடா. நாலு நாளா கூடவே ஒக்காந்து சொல்லிக்குடுத்தேன். கேள்வி புரியாமயே மனப்பாடம் பண்ணத ஒப்பிக்கிறாரு. பிரெஞ்சு பேசற சனம் இவுருக்கு ஓட்டுப் போடாது. நாங்க தோத்துட்டோம்."

அதோடு நீ நிறுத்தவில்லை.

"ஆனா ஒண்ணுடா. வெளிய வந்ததும் என் கையப் புடிச்சிக்கிட்டு, ரொம்ப மோசமா பண்ணிட்டனான்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னேன். கோவிச்சுக்கல. இன்னா கத்துக்கணும் சொல்லுன்னு நோட்ட எடுத்தாரு. எந்தத் தலைவர்டா அப்படிக் கேப்பாரு? தோத்தாலும் கடைசி வரைக்கும் இவுருகூடதான் நிப்பேன்."

விளம்பர ஆட்டோவுக்குக் குரல் பதிவு செய்து வெட்டி ஒட்டுவது எனக்குத் தினப்படி வேலை. முதலில் என் பெயரும் அம்மாவின் முட்டியும் வரும் இடத்தை வெட்டினேன். வீட்டு விஷயம் எதற்கு என்று தோன்றியது. அப்புறம் கடைசிப் பகுதியை வெட்டினேன். நீளமாக இருக்கிறது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கடைசியில் நீ சொன்னது சேர்ந்தால் அது ஒரு சாதாரண மனிதனின் பேச்சாகிவிடும். நடுவில் உள்ளது மட்டும் இருந்தால் அது உள்ளே இருப்பவன் சொன்ன ரகசியம். ரவியின் வாயை அடைக்க எனக்கு ரகசியம்தான் வேண்டியிருந்தது. குழுவில் போட்டுவிட்டு, நாற்காலி தூக்குகிறவன் பேசுவதைக் கேளுங்கள் என்று எழுதினேன்.

அன்று பகல் முழுக்க நான் பெரிய ஆளாக இருந்தேன். மேலும் விவரம் கேட்டுப் பலர் போன் செய்தார்கள். எனக்குத் தெரியாததையும் தெரிந்ததுபோல் சொன்னேன்.

நம் வகுப்பில் ஒருவன் டொரண்டோவில் இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. அவன் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டான். தன் நண்பர்களுக்கு அனுப்பினான், அவர்கள் வேறு சிலருக்கு அனுப்பினார்கள். மறுநாளே யாரோ அடியில் பிரெஞ்சில் எழுத்துப் போட்டுப் பரப்பினார்கள். எதிர்க்கட்சிகள் கைதட்டின. தலைவருக்கு மொழி சொல்லிக்கொடுத்தவரே தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று அங்கே செய்தியில் வந்தது. தேர்தலுக்கு இன்னும் நாட்கள் இருந்தன. தலைவரை மேடைக்கு மேடை அதைப் பற்றித்தான் கேட்டார்களாம். உன்னைத் தேர்தல் அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்றார்கள். நீ யாருக்கெல்லாம் தேநீர் ஊற்றிக் கொடுத்தாயோ அவர்களே உன்னைத் துரோகி என்றார்கள்.

நீ என்னை அழைத்தாய். உன் குரலில் கோபம் இல்லை. சளி பிடித்தவன்போல மெல்லப் பேசினாய்.

"வேலு, அத யாருக்காச்சும் அனுப்புனியாடா?"

"இல்லடா" என்றேன்.

"சரிடா" என்றாய். பாகூர் ஏரியில் இந்த வருடம் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டாய். நானும் விரிவாகச் சொன்னேன். அவ்வளவு விரிவாக நான் அந்த ஏரியைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அடுத்த கேள்வி வராமலிருக்கப் பேசிக்கொண்டே இருந்தேன்.

முடிவு வந்தது. உங்கள் கட்சி பெருந்தோல்வி அடைந்தது. தலைவர் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்று, அன்றைக்கே பதவி விலகுவதாக அறிவித்தார். பிரச்சாரம் எங்கே சரிந்தது என்று அலசியவர்கள் எல்லோரும் நீ சொன்னதைத்தான் சொன்னார்கள். நம் ஆள் அன்றைக்கே கணித்துவிட்டான் என்று ரவி குழுவில் பாராட்டினான். நானும் அதற்குக் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. நீ கணித்தாய் என்று இங்கே கொண்டாடினோம். அங்கே உன்னை யாரும் மறுபடி கூப்பிடவில்லை. அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குப் போக விரும்பினாய், அழைப்பு வரவில்லை என்று ஒருமுறை சொன்னாய். நான் பேச்சை மாற்றினேன்.

தேர்தல் முடிந்து இரண்டு வருடத்தில், உனக்கு நெஞ்சுவலி வந்து வகுப்பறையிலேயே சாய்ந்து இறந்துவிட்டாய் என்று செய்தி வந்தது. அடுத்த மாதம் உன் மனைவி ஸ்டெல்லா ஊருக்கு வந்து, உங்கள் மாதா கோயிலில் உனக்காகப் பூசை வைத்தாள். நானும் வந்தேன். பூசை முடிந்து எல்லோரும் கலைந்தபின், கோயில் பின்புறத்து வேப்பமர நிழலில் நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திடுக்கிடுவாள், அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அது உங்க ஒருத்தருக்கு அனுப்புனதுதாண்ணா. வேற யாருக்கும் அனுப்பல. அன்னிக்கே அவுருக்குத் தெரியும்."

முழுப் பதிவையும் கொடு, உன்மேல் தப்பில்லை என்று தெரிந்தால் அறிக்கை விடுகிறோம் என்று கட்சியில் கேட்டார்களாம். நீ கொடுக்கவில்லை. அதில் என் பெயர் இருக்கிறது, அவன் ஊரில் நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டும் என்றாயாம். ஸ்டெல்லா சண்டை போட்டிருக்கிறாள். நீ அசையவில்லை.

தெரிந்திருந்தும் என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"கேட்டாரே. நீங்கதான் இல்லன்னுட்டீங்க."

இன்னொன்றும் சொன்னாள். உன் அடக்கத்துக்கு அந்தத் தலைவர் வந்திருந்தாராம். அரசியலை விட்டு விலகியிருந்தார், கூட ஒருவரும் இல்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்தபின் ஸ்டெல்லா உன் போனிலிருந்து முழுப் பதிவையும் அவருக்குப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். கடைசி வரைக்கும் இவர்கூட நிற்பேன் என்ற இடத்தை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாராம். யாருக்கு அனுப்பியது என்று அவர் கேட்டதற்கு, ஒரு நண்பருக்கு என்று மட்டும் ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள். நீ காத்த பெயரை அவளும் காத்திருக்கிறாள். உன்மேல் விழுந்த கறையை அவள் துடைத்தாள். அதைப் பூசிய நான் அப்போது கடையில் யாருடைய பிறந்தநாள் பேனரையோ அச்சடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் நம் வகுப்புக் குழுவில் நடந்ததையெல்லாம் எழுதினேன். வெட்டியது நான், கடைசிப் பகுதியில் நீ சொன்னது இது என்று முழுப் பதிவையும் போட்டேன். இரண்டு பேர் அழுகிற முகம் போட்டார்கள். "வுடு வேலு, ஆனது ஆயிப்போச்சு" என்று ரவி எழுதினான். அதன் பிறகு யாரோ தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அனுப்ப, எல்லோரும் வாழ்த்தத் தொடங்கினார்கள். நீ இருந்தபோது நான் எதற்குப் பயந்தேனோ அது இவ்வளவுதான். இந்தப் பத்து நிமிட வெட்கத்தை அன்றைக்கே பட்டிருந்தால், உனக்கு அந்த இரண்டு வருடமும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

என்னோடு இருப்பது இனி ஒன்றுதான். அந்தத் தேர்தலுக்குப் பிறகும் நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னை அழைத்தாய். அதை வைத்துத்தான் உனக்குத் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன். ஒவ்வொரு முறையும் பேச்சு ஓய்ந்ததும் நீ, "வேற இன்னாடா?" என்பாய். ஊரில் எல்லோரும் போனை வைப்பதற்கு முன் கேட்கிற கேள்விதான். ஆனால் நீ கேட்டுவிட்டு உடனே வைக்க மாட்டாய். மூச்சு மட்டும் கேட்கும். இணைப்பு தாமதமாக வருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

"வேற ஒண்ணுமில்லடா" என்று சொல்லி, ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் முதலில் போனை வைத்தேன்.