ஈயம் வைக்காத ஜாயின்ட்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. உங்கள் மகள் இப்போது ராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். அக்காள்மடம் ஊரில் நம் கார் பட்டறையை நான் ஒருவனாகவே இழுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இல்லாமல் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை, நாள் முழுக்க ரேடியோ பாடுகிறது. ஆனால் இதையெல்லாம் சொல்ல நான் பேனா எடுக்கவில்லை.

நேற்று உங்கள் காரைத் திறந்தேன், மச்சான்.

விபத்துக்குப் பிறகு பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய வண்டி. காயலான் கடைக்குக் கொடுத்துவிடு என்றாள் அக்கா. பேட்டரியையாவது கழற்றுவோம் என்று பானெட்டைத் தூக்கினேன். கை தானாக வைப்பர் மோட்டாருக்குப் போகும் வயரைத் தேடியது. இத்தனை நாள் நான் அந்த வண்டிப் பக்கம் போகாததற்கு அந்த வயர்தான் காரணம்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? வைப்பர் விட்டு விட்டு ஓடுது, பாரு மாப்ள என்றீர்கள். அன்று துபாய்க்குக் கிளம்பும் கீழக்கரைக்காரர் ஒருவரின் வண்டி என் கையில் இருந்தது, அவருக்கு விமானத்தைப் பிடிக்கும் அவசரம். பார்த்தால் உங்கள் வயர் அறுந்திருந்தது. இரண்டு முனையையும் சீவி, கம்பிகளை முறுக்கி, டேப்பைச் சுற்றினேன். கரண்ட் இல்லாததால் ஈயத்தை உருக்கி வைக்க முடியவில்லை. "அப்புறம் வச்சுக்கிருவோம் மச்சான்" என்றேன். அரை மணியில் கரண்ட் வந்தது. நான் மறந்துவிட்டேன்.

ஊரார் வண்டிக்கு நாம் என்ன பாடுபடுவோம்! பக்கத்துப் பக்கத்து வயர்களை ஒரே இடத்தில் வெட்டாமல் முன்னும் பின்னுமாக வெட்டி, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயை முதலிலேயே கோத்து வைத்து, முறுக்கி, ஈயம் கம்பிக்குள் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு குழாயை இழுத்துச் சூடு காட்டிச் சுருக்குவோம். உப்புக்காற்றுக்கு ஊசித்துளை போதும் என்று வருகிறவர்களிடமெல்லாம் நீட்டி முழக்குவீர்கள். நம் வண்டிக்கு மட்டும் வெறும் முறுக்கும் டேப்பும். நம் வண்டிதானே, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று அந்த டேப் பசை உருகிப் பிசுபிசுவென்று கழன்றது. உள்ளே கம்பி பச்சைப் பொடியாகியிருந்தது. தொட்டதும் இரண்டாகப் பிரிந்தது. மோதியதில் தளர்ந்திருக்கும், பச்சை அப்புறம் பூத்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

விபத்தன்று உங்களுக்குப் பின்னால் வந்த தங்கச்சிமடம் ஆட்டோக்காரர், கொட்டும் மழையில் நீங்கள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினீர்கள் என்றார். அப்படியே போய், நின்றிருந்த லாரியில் மோதினீர்கள். உங்கள் சுபாவம் தெரிந்ததால் விளையாட்டுத்தனம் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். கண்ணாடி வழியே பாதை தெரிந்தால் அந்த மழையில் யாராவது தலையை நீட்டுவார்களா? வைப்பர் நின்ற அந்த நிமிடம் என்னை நினைத்தீர்களா, மச்சான்?

அக்கா இன்னும் உங்களைத் திட்டுகிறாள். "எங்க நெனப்பு இருந்தா மழையில வெளையாடிக்கிட்டு வருவாரா?" என்று கேட்டுவிட்டு அழுகிறாள். உங்கள் மகள் உங்கள் படத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. இருந்தும் நீங்கள் திட்டு வாங்கும்போதெல்லாம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். செத்தவர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்த கோழை நான். எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் தீராது.

நீங்கள் இருந்தால் விடு மாப்ள என்றுதான் சொல்வீர்கள். அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுக்கவில்லை. நாளைக் காலையில் அக்காவையும் பிள்ளையையும் பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர்களிடம் பேசிய பிறகுதான் இந்தக் கடிதத்தை வேறு யாருக்காவது படிக்கக் கொடுப்பேன். அதன் பிறகு அக்கா என் முகத்தில் விழிக்காமல் போனாலும் சரி. பானெட்டைத் தூக்கி, அந்த இரண்டு முனைகளையும் காட்டி, "அவரு வெளையாடலக்கா. வீடு வந்து சேரணும்னுதான் தலைய நீட்டுனாரு. வைப்பர் நின்னது என்னால" என்று சொல்லிவிடுவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மச்சினன்,
முருகேசன்