ரேடியோக்காரி வோட்டுக் கேட்கிறாள்

செப்டம்பர் 10, ஞாயிறு

தூறல். மலைப்பக்கம் முழுக்க வெள்ளை. இன்று ரேடியோவில் என் கடைசித் தமிழ் அரை மணி. ஊரின் லோக்கல் போர்டுத் தேர்தலில் நிற்கிறவள் மைக்கில் இருக்கக்கூடாதாம். தோற்றால் திரும்பி வரலாம். எங்கள் ஊர் ஹென்டர்சனில் பஸ்ஸுக்கு நனைந்துகொண்டு நிற்கிறோம், ஒரு கூரை இல்லை என்று எத்தனை பெண்கள் போன் எடுத்துச் சொன்னார்கள். ஏழு வருடமாக "உங்கட கருத்துக்கு நன்றி" என்றுவிட்டுப் பாட்டைப் போட்டேன். அந்த வெட்கம்தான் என்னை நிற்க வைத்தது.

ஹெட்போனைக் கழற்றியதும் காது குளிர்ந்தது.

செப். 16, சனி

வெயில், நல்ல காற்று. மகள் ஷாமினியோடு வீடு வீடாக. முகத்தை ஒருவருக்கும் தெரியவில்லை. வாயைத் திறந்தால்தான் கதவு முழுக்கத் திறக்கிறது. ஒரு மன்னார்க்காரர் முழங்கால் வலி, வாடகை, மகனின் விசா எல்லாம் சொன்னார். நானும் கேட்கக் கேட்க இன்னும் சொன்னார். சரியாக அரை மணியில் முடித்து, நன்றி கூறி வந்துவிட்டேன்.

வாசலில் ஷாமினி: "மம், யூ டின்ட் ஆஸ்க் ஹிம் டு வோட்."

பேட்டி எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என் மண்டையில் என்ன இருக்கிறதோ.

செப். 17, ஞாயிறு

என் இடத்தில் ஒரு சென்னைத் தம்பி. நன்றாகத்தான் பேசுகிறார். எரிச்சல். பாதியிலேயே என் கணவர் அன்டன் ரேடியோவை நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மத்தியானம் சோபாவில் கண் அயர்ந்தேன். கனவில் சிவப்பு லைட் எரிகிறது. பேசுகிறேன், வாயிலிருந்து மழைச் சத்தம் மட்டும் வருகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள், எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டுகிறார்கள். எழும்பியபோது யாரோடும் கோபமில்லை.

வாங்க வேண்டியது: பால், முத்திரை, ஷாமினிக்கு சாக்ஸ்.

செப். 28, வியாழன்

வோட்டுச் சீட்டுகள் தபாலில் வந்துவிட்டன. இங்கே வீட்டிலேயே டிக் போட்டுத் தபாலில் திருப்பி அனுப்பலாம். டெய்ரியில், அதுதான் எங்கள் மூலைக்கடையில், மேரி அக்கா. நனைகிறோம் என்று முதன்முதல் போன் எடுத்தவர்.

"அக்கா, போட்டாச்சோ?"

"ஓம் பிள்ளை, எங்கட வீட்டில மூண்டு பேரும் போட்டிட்டம். உனக்குப் போடேல்லை."

பால் போத்தலில் திகதி பார்த்தபடி சொல்கிறார்.

"நீ வெண்டிட்டா ரேடியோவுக்கு வரமாட்டாய்தானே. ஞாயிற்றுக்கிழமையில எனக்கு வேற ஆர் இருக்கு? நான் நனைஞ்சாலும் பரவாயில்லை."

என் கையைப் பிடித்துக்கொண்டார். பாசம்தான். அதனாலேயே திட்டவும் முடியவில்லை. வீடுவரை அழுதுகொண்டு நடந்தேன்.

செப். 30, சனி

காற்றே இல்லை. தெரு முழுக்கப் பிளம் பூ. அன்டன் மேசையில் தன் கவரை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஆருக்குப் போட்டனீங்கள்?"

கவரின் ஓரத்தை விரலால் அழுத்தினார். பிறகு, கவரைப் பார்த்தபடியே:

"ஏழு வருசமா, ரேடியோவிலதான் நீர் என்னோட ஆறுதலாக் கதைச்சனீர்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. என் சீட்டை எடுத்து என் பெயருக்கு நேரே டிக் போட்டேன். அவருடைய கவரையும் நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.