மேல்மாடியை இறக்கிய நாட்கள்

8 செப்டம்பர் 1958, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். காற்று இல்லை. காதர் மேஸ்திரி வந்து மாடியைப் பார்த்தார். தெருப்பக்கச் சுவர் வெடித்துச் சாய்ந்திருக்கிறது. உத்தரத்தில் கரையான்.

"கீழ்வீடு நிக்கும் முசியே. மாடிய இறக்கிடணும். ஐப்பசி மழ தாங்காது." பிரெஞ்சுக்காரன் போயும் அவர் வாயில் 'ஐயா'வுக்குப் பதில் இன்னும் 'முசியே'தான்.

எனக்கும் மனைவி சரசுவுக்கும் கீழே இடம் உண்டு. மாடியில் குடியிருக்கும் தெரேசம்மாளுக்கு? எத்தனையோ வருடமாக அந்தத் தெருப்பக்க ஜன்னலோரம்தான் அவர் தையல்.

9, செவ்வாய்
தெரேசம்மாளிடம் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன். அவர் மடியில் பாதி தைத்த கல்யாண கவுன்.

"பத்து நாள் குடு தம்பி. இத முடிச்சிட்டுப் போயிடறேன்."

மேஸ்திரிக்கு வேறு வேலை இல்லாதபோதே முடிக்க வேண்டும், மழை பிடித்தால் ஆபத்து என்றேன். அவர் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் இறங்கி வந்திருப்பேனோ என்னவோ.

11, வியாழன்
தெரேசம்மாள் உப்பளம் பகுதிக்கு, தங்கை மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கவுன் துணியைப் பெண் வீட்டாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சரசு சொன்னாள். போகும்முன் மாடியைப் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறார். இடிக்கப்போகிற மாடியை.

12, வெள்ளி
வேலை ஆரம்பம். கீழ்க்கூடத்தில் சவுக்குக் கட்டை முட்டு. தெருவில் யாரும் வராதபடி கயிறு. முதலில் மாடிக் கூரைத் தளம், பிறகு கட்டைகள், கடைசியில் சுவர். ஓங்கி அடிக்கக் கூடாதென்று மேஸ்திரி கண்டிப்பு. அதிர்ந்தால் கீழ்ச்சுவர் விரியும். செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கூடையில் இறக்குகிறார்கள். தண்ணீர் தெளித்தும் சோற்றில்கூட சுண்ணாம்புத் தூள். சரசுவுக்கு இருமல். நாளை: சுக்கு, பனைவெல்லம்.

15, திங்கள்
மதியம் உத்தரத்தை இறக்கும்போது தெருப்பக்கச் சுவர் ஜன்னலோடு உள்ளே சரிந்தது. தெரேசம்மாள் உட்கார்ந்து தைக்கும் இடம். ஆட்களை மேஸ்திரி முன்பே விலக்கியிருந்தார்.

"அந்தம்மா இருந்திருந்தா? நீங்க செஞ்சது சரிதான்," என்றாள் சரசு.

சரிதான். ஆனாலும் ஒன்று: கீழே முன்னறையில் பழைய நாற்காலிகள்தான் கிடக்கின்றன. வேலை முடிந்ததும் அங்கே வந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை.

20, சனி
மாடி இறங்கிவிட்டது. கீழே ஒரு விரிசல் இல்லை. மழையும் இன்னும் வரவில்லை. பத்து நாள் கொடுத்திருக்கலாம்.

முன்னறையை ஒழித்துவிட்டு சைக்கிளில் உப்பளம். ஒரே அறை, ஆறு பேர். தையல் மெஷின் சாக்கு சுற்றியபடி கட்டிலுக்கடியில். "இங்க வெளிச்சம் பத்தலண்ணே," என்றாள் தங்கை மகள்.

முன்னறை காலி, வந்துவிடுங்கள் என்றேன்.

"வேணாம் தம்பி. இன்னொரு தடவ எழுந்து போகச் சொன்னா எனக்குத் தெம்பில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார். வாசல் வரை கூடவே வந்தார்.

"வேலையில யாருக்கும் அடி கிடி படலியே?"

"யாருக்கும் படலம்மா," என்றேன்.