சாய்ந்த கோடு

அன்புள்ள தூளு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை, நீயும் அங்கே தலைவலி காய்ச்சல் என்று படுக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். எந்நேரமும் மரத்தூளோடு திரிந்த பிள்ளை என்று அப்பா உனக்கு வைத்த பெயரை நான் எழுதலாமா என்று தெரியவில்லை, இதுவரை ஒருநாளும் வாயால் கூப்பிட்டதில்லை. கடிதம் எழுதுவதே சரியா என்றும் தெரியவில்லை. பெற்றவர்கள்தானே பிள்ளைக்கு எழுத வேண்டும், நான் உன்னைவிட ஒன்பது வயது மூத்தவள், உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு நாலு வருடம் முன்னால் இந்த வீட்டுக்கு வந்தவள், நீ என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாய். ஆனால் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடுவதைத் தாண்டி எழுத்து ஓடாது, இந்த வீட்டில் பேனா பிடிக்கிறவள் நான் ஒருத்திதான். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் சாப்பிட்டியா என்பேன், நீ சாப்பிட்டேன்க்கா என்பாய், உடனே போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. மன்னித்துக்கொள், கடைசிவரை படித்துவிடு.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கியாயிற்று, அதை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பட்டறை முழுக்கத் தேடுகிறார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா முட்டி வலி தாங்காமல் மெஷினுக்கு மோட்டார் போட்டுவிட்டார், அது ஓடினால் நம் ரேடியோ கரகரக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அப்பாவும் நின்று சண்டை. "இருபது வருஷமா உங்க ரம்பம் கத்துதே, நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா" என்று அவர் கேட்டாரே பார்க்கணும், அப்பா அன்றைக்கு ரேடியோவையே போடவில்லை. மரச்சீவல் மூட்டைக்குள் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, அதனால் அந்த மூட்டையை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. வேலைக்குக் குறைவே இல்லை. ஒரு மாடி வீட்டுப் படிக்கட்டுக்கு நாற்பது கம்பம் கடைந்து கொடுத்தார், இப்போது இரண்டு கட்டில் நடக்கிறது. நீ செய்து வைத்துவிட்டுப் போன நாற்காலிக்கும் ஆர்டர் வந்தது. மேசை கேட்டு வந்த நூலகத்து அம்மா, அப்பா மரம் எடுத்துவர உள்ளே போன நேரத்தில் அதில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்திருக்கிறார். அப்பா திரும்பி வந்து நின்றார், இருமினார், மரத்தைத் தொப்பென்று கீழே கூடப் போட்டுப் பார்த்தார். அந்த அம்மா அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். படிக்கிற அறைக்கு இதே மாதிரி எட்டு வேண்டும் என்றார். அதற்கு அப்பா என்ன சொன்னார் தெரியுமா, "இதைச் செஞ்சவங்க வெளியூர்ல இருக்காங்க, ஆனா அளவு இருக்கு, செஞ்சு தந்திடலாம்" என்றார். உன்னைத்தான் அப்படி மரியாதையாகச் சொன்னார்.

அந்த எட்டை இப்போது அவரால் செய்ய முடியவில்லை. அதற்குக் காரணம் நான். பட்டறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் வரிசையாக அளவுக் குச்சிகள் தொங்குமே, சாமானுக்கு ஒரு ரீப்பர் கட்டையாக, உடம்பெல்லாம் கோடும் கீறலுமாக. கால் எவ்வளவு உயரம், குறுக்குச் சட்டம் எங்கே, கழுந்து எத்தனை நீளம், அது இறங்குகிற துளை எத்தனை ஆழம், எல்லாம் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பாதிதான் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஆர்டர் வருவதற்கும் முன்பே, அப்பா மரம் எடுக்க நாலு நாள் வெளியூர் போயிருந்தார். அவர் வருவதற்குள் பட்டறையை ஒழுங்குபண்ணி அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. தூசி படிந்து தொங்கின இருபத்தேழு குச்சியையும் இறக்கினேன். டேப்பை வைத்து ஒவ்வொரு கோட்டையும் அளந்து, பெரிய நோட்டில் கட்டில், ஸ்டூல், அலமாரி என்று தலைப்புப் போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் எழுதினேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், எழுதி வைத்தால்தான் எதுவும் நிற்கும் என்று நம்பியே வளர்ந்துவிட்டேன். எழுதி முடித்த பிறகு குச்சி எதற்கு, இடத்தை அடைத்துக்கொண்டு, என்று அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் எரிந்தது. ஊரிலிருந்து அலுத்து வந்து அப்பா குளித்ததும் அந்த வெந்நீரில்தான். சூடு நல்லா இதமா இருக்கு என்று சொல்லிக்கொண்டே தலையைத் துவட்டினார்.

துவட்டிய கையோடு பட்டறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் கையை விட்டார். கண் பார்க்காமலே கை போகிற இடம் அது, வெறும் ஆணிதான் தட்டுப்பட்டது. "குச்சியெல்லாம் எங்கம்மா" என்று கேட்டார். நான் நோட்டை நீட்டிவிட்டு, நல்ல பேர் வாங்கப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார், "கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் அழுதுவிட்டு ஆறியிருப்பேன். அவருடைய சாமான்களெல்லாம் அவருக்கு மனப்பாடம், ஒவ்வொன்றுக்கும் புதுக் குச்சி போட்டுக்கொண்டு வருகிறார். உன் நாற்காலி ஒன்றுக்குத்தான் வழியில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தில், பின்கால் என்பதற்கு நேரே நாற்பத்தொன்று புள்ளி மூன்று என்று இருக்கிறது. குச்சியில் அந்தக் கோடு சாய்ந்து இருந்தது. கை தவறிச் சாய்ந்துவிட்டது என்று நினைத்து, நடுவில் டேப்பை வைத்து ஒரே எண்ணாக எழுதிவிட்டேன். ஆர்டர் வந்த பிறகு அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லி, அப்பா அந்த எண்ணின்மேல் விரலை வைத்து "இது எவ்வளவு சாயணும்" என்று கேட்டார். பின்காலுக்குள் கழுந்து இறங்குகிற சாய்வு அது, நாற்காலியின் உயிரே அந்தக் கோடுதான் என்று பிறகுதான் புரிந்தது. அந்த நாற்காலி செய்யும்போது என்னை ஒரு பெட்டியின்மேல் உட்காரவைத்து, கையில் புத்தகத்தைக் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் பலகையை வைத்து ஆப்பு ஆப்பாகச் செருகி, "இப்போ? இப்போ?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே. இப்போ தூக்கம் வருது என்று நான் சொன்ன இடத்தில்தான் குச்சியில் கத்தியால் கீறினாய். என் முதுகைப் பார்த்து நீ போட்ட கோட்டை நானே நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

அந்தச் சாய்வு பொருத்துக்குள் மறைந்திருப்பதால், உன் நாற்காலியின் வெளிப்புறத்தை மட்டும் அளந்து அப்பா இரண்டு நாற்காலி செய்து பார்த்தார். ஒன்றில் உட்கார்ந்தால் முன்னால் வழுக்குகிறது, இன்னொன்றில் உட்கார்ந்தால் பல் டாக்டரிடம் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. "வெளியில அளந்தா நாற்காலி மாதிரி ஒண்ணு வருது, நாற்காலி வர மாட்டேங்குது" என்றார். நம் பாலிஷ்காரர் மாமா, பழையதைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டால் முடிந்தது என்று சுத்தியலையே எடுத்துவிட்டார். பசை போட்டு இறுகின பொருத்து, பிரித்தால் பிளந்துதான் வரும். அப்பா உன் நாற்காலியை அவரிடமிருந்து இழுத்துத் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "அதைப் பிரிக்கிறதுக்கு ஆர்டரைத் திருப்பிக் குடுத்திடலாம்" என்றார். அடுத்த மாதக் கடைசிக்குள் எட்டும் போய்ச் சேர வேண்டும். நேற்றுக் காலையில் கடைக்குப் போய்க் கோடில்லாத நல்ல காகிதமாக வாங்கி வந்து, "நூலகத்துக்கு ஒரு லெட்டர் எழுதும்மா, எங்களால முடியலைன்னு மரியாதையா எழுது" என்று என்னிடம் கொடுத்தார். அந்தக் காகிதத்தில்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இத்தோடு போயிருந்தால் உன் குச்சியை எரித்ததற்கு மன்னிப்புக் கேட்டு நிறுத்தியிருப்பேன். சுத்தியலை வைத்துவிட்டு அன்று மத்தியானம் வார்னிஷ் காய்கிற நேரத்தில் மாமா என்னிடம் வந்தார். "ஏன் டீச்சரம்மா, துளை போட்ட குச்சியைக் கூடவா அடுப்புல வெப்பாங்க" என்றார். நான் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்ததில்லை, படித்தவள் என்பதால் அவருக்கு நான் டீச்சரம்மா. தொங்கவிடத்தானே துளை, எல்லாக் குச்சியிலும் இருந்ததே என்றேன். அவர் சிரித்தார். "தொங்கவிடுறதுக்கு இல்லைங்க. ஒரு சாமான் முடிஞ்சு, ஆட்டிப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து, இதுல இனிமே கை வெக்க வேண்டியதில்லைன்னு அவருக்குப் பட்டாத்தான் அந்தக் குச்சிக்குத் துளை. படலைன்னா அது பசை கலக்கப் போயிடும். நான் இந்தப் பட்டறையில பதினோரு வருஷம் மரவேலை பார்த்தவன், என் குச்சி மொத்தமும் பசைதான் கலக்குச்சு, அதனாலதானே பாலிஷுக்குத் தாவினேன். அவர் அடுத்தவங்க குச்சிக்குத் துளை போட்டது வாழ்நாள்ல ஒண்ணே ஒண்ணு" என்றார்.

அந்த ஒன்றுக்கு அவர் துளை போட்டபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன், தூளு. நீ நாற்காலியை முடித்த மறுநாள், உப்புத்தாள் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். அப்பா அதில் உட்கார்ந்தார், எழுந்தார், சுற்றிவந்து திரும்ப உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு தரையில் கிடந்த உன் குச்சியை எடுத்துத் துடைத்து, அதன் தலையில் துளை போட்டு, துளையின் ஓரத்தைப் பிசிறில்லாமல் தேய்த்து, நூல் கோத்து, தன் குச்சிகளுக்கு நடுவில் மாட்டினார். நான் டீ டம்ளரோடு வாசலில் நின்றிருந்தேன். கிடந்ததை எடுத்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, டீயை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் நான் துணி மடிக்கும்போது நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா ஏதாச்சும் சொன்னாராக்கா" என்று கேட்டாய். ஒண்ணும் சொல்லலையே என்றேன். நீ சரி என்று ஒரு துண்டை எடுத்து மடித்தாய், மடித்ததைப் பிரித்து இன்னொரு தரம் மடித்தாய். நீ கேட்டது அந்தத் துளையைத்தான் என்று இப்போது புரிகிறது. பார்த்ததை அப்படியே சொல்லியிருந்தால் போதும். எனக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு நீ பட்டறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை, கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க உனக்குப் பயமாக இருந்திருக்கும். அடுத்த வாரம் அந்தப் பலகைச் சாமான் ஃபேக்டரி விண்ணப்பத்தோடு வந்தாய். அதை நிரப்பியதும் நான்தான், நிரந்தர வேலை, விட்டுடாதே என்று தள்ளியதும் நான்தான். கையில் காய்ப்பில்லாத வேலைதான் நல்ல வேலை என்று எனக்கு ஓர் எண்ணம். நீ கிளம்பின அன்று அப்பா தெருமுனைவரை வந்து ஒன்றும் பேசாமல் நின்றார். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இருந்தும் போகிறாள், என்று நினைத்திருப்பார். இரண்டு வருடமாக நீ ஒரு மாதிரியும் அவர் ஒரு மாதிரியும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் நின்று பார்த்தவள் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பலகை அறுக்கிற தூள் நெஞ்சுக்கு ஆகாது, முகத்தில் துணி கட்டாமல் மெஷின் பக்கம் போகாதே. காதில் பஞ்சு வைத்துக்கொள், முடியை உயர்த்திக் கட்டிக்கொள். போன மாதம் அனுப்பின போட்டோவில் கன்னம் ஒட்டியிருக்கிறது என்று அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று தரம் பார்த்தார். உன் கையும் கண்ணும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருடம் இருக்கட்டும், போகிற இடத்தில் உன் அருமை தெரிந்தவர்கள் கிடைக்கட்டும். எனக்கு வாழ்த்துச் சொல்கிற வயதில்லை, அப்பா பேரைச் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்பாவுக்காகவும் எனக்காகவும்,
அக்கா

பின்குறிப்பு: நூலகத்துக்கு நான் இன்னும் எழுதவில்லை, காகிதம் தீர்ந்துவிட்டது என்று சொல்லப் போகிறேன். மூன்று நாள் லீவு கிடைக்குமா? திரும்பி வந்துவிடு என்று கேட்க மாட்டேன், அதைக் கேட்கிற முகம் எனக்கு இல்லை. வந்து அந்தக் கோட்டை மட்டும் போட்டுவிட்டுப் போ, முதுகு இன்னும் அதே முதுகுதான், எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காருகிறேன். ஆனால் குச்சியில் நீ துளை போட்டுவிடாதே. அதை அவர் போட வேண்டும், நீ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.