ஆள் இல்லாத அறை

என்னங்க,

போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்" என்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சிறுதொழில் செய்பவர்களுக்காக நீங்கள் கட்டிய பசுமைக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில், காது மெஷின் பழுதுபார்க்க எனக்கும் ஜன்னல் இல்லாத ஓர் அறை கொடுத்தீர்கள். சரி. ஆனால் மேஜைப் பக்கம் ஆள் அசையாவிட்டால் பத்தே நிமிடத்தில் விளக்கை அணைக்கிற சென்சாரை வைக்கச் சொன்ன புண்ணியவான் யார்? கடுகளவு திருகாணியை இடுக்கியில் பிடித்து, மூச்சை அடக்கிச் செய்கிற வேலை என்னுடையது. அடிக்கொரு தரம் எழுந்து கையை ஆட்ட நான் என்ன பஸ்ஸா நிறுத்துகிறேன்?

முதல் வாரமே சொன்னேன். "கரன்ட் எவ்வளவு மிச்சமாகுது தெரியுமா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சிரித்தீர்கள்.

பக்கத்து அறையில் டைப் அடிக்கிற அக்கா விவரமானவர். டேபிள் ஃபேனில் ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டார். அவர் சாப்பிடப் போனாலும் ஃபேன் சுற்றுகிறது, ரிப்பன் ஆடுகிறது, விளக்கு எரிகிறது. நல்ல மிச்சம்! உங்கள் கட்டடத்தில் ரிப்பன் ஆள், நான் ஆள் இல்லை.

நேற்று விருந்தினர்களுக்குச் சுற்றிக்காட்ட வந்தீர்கள். என் கதவை ஒருக்களித்து, இருட்டை எட்டிப் பார்த்து, "இது காலி, யாருமில்ல" என்று சொல்லிச் சாத்தினீர்கள். எனக்குக் கொடுத்த அறை எது என்பதுகூட உங்களுக்கு நினைவில்லை. நான் உள்ளேதான் இருந்தேன், கையில் இடுக்கியோடு.

கையைத் தூக்கியிருந்தால் விளக்கு எரிந்திருக்கும். தூக்கவில்லை. வீட்டில் பதினெட்டு வருடம் ஆட்டிப் பார்த்த கை இது.

இப்படிக்கு,
காலி அறையில் இருந்தவள்