இனி நீ வாசி

திருத்தங்கல்,
12-7-1962.

அன்பு மகன் பெத்தணனுக்கு அம்மா பஞ்சம்மாள் எழுதுவது. நான் சுகம். நீயும் மருமகளும் பேத்தி ராமுத்தாயும் சுகம்தானே? மல்லாங்கிணற்றில் மழை உண்டா?

நான் தாள் மடிக்கும் அச்சுக் கம்பெனியில் இப்போது பிள்ளைகளின் படக்கதைப் புத்தக ஆர்டர். நரிக் கதையை வாசித்துக்கொண்டே மடித்ததில் பத்துத் தாள் பக்கம் மாறிவிட்டது.

"மடிக்க வந்தீகளா, படிக்க வந்தீகளா ஆத்தா?" என்றார் போர்மேன் யோபு.

"அஞ்சாப்பு படிச்ச கண்ணு சும்மா கிடக்குமாய்யா?" என்றேன். சிரித்துவிட்டு, கெட்டுப்போன தாளில் ஒன்றை எனக்கே கொடுத்தார். திருத்தி மடித்துப் புத்தகமாகத் தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு இன்பம் டீச்சர், "பெத்தவங்க மடியில வச்சு வாசிச்சுப் பேசினாத்தான் பிள்ளைக்கு எழுத்தும் ஏறும், மூளையும் விரியும்" என்கிறார். மூணாப்போடு நின்றவன் என்று கூச்சப்படாதே. நீ எழுத்துக்கூட்டி வாசிக்கும் வேகம்தான் அவளுக்குச் சரி. மருமகள் படத்தைக் காட்டிப் பேசட்டும்.

ராமுத்தாயின் கிழிந்த பாவாடை ஒன்றை இதைக் கொண்டுவரும் ஆளிடம் கொடுத்துவிடு. என் தலையணைக்கு உறை தைக்க வேண்டும்; பேத்தி பக்கத்தில் படுத்த மாதிரி இருக்கும்.

போன தடவை உன் பதில் உங்கள் ஊர் வாத்தியார் கையெழுத்தில் வந்தது. வாத்தியார் தேவாசீர்வாதம் ஐயா, இதையும் நீங்கள்தான் வாசிக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து இங்கேயே நிறுத்தி அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.

பெத்தணா, இனி நீ வாசி. பேத்தியை மடியில் உட்கார வை. கடைசி வரியைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். அவள் விரலைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்து. இதைக் கொண்டு உங்கள் ஊருக்கு வரும் ஆள் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார்.

ராமு, அப்பத்தா தீபாவளிக்கு வருவேன்.